பங்குக் கணக்குக்கு இரண்டாவது பூட்டு

லாயாங் லாயாங்கில் இருந்துகொண்டு பங்கு வாங்க வேண்டுமென்றால், ஒரு காலத்தில் குளுவாங்குக்கோ ஜொகூர் பாருவுக்கோ போய்க் கணக்குத் திறக்க வேண்டும். பிறகு ரெமிசியர் எனப்படும் பங்கு முகவருக்குப் போன் போட்டு, "இந்த விலைக்கு வந்தால் எடுத்துவிடுங்கள்" என்று சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டும். இன்று தோட்டத்துக் கிராணியும், கூலாய்ப் பக்கம் ஷிஃப்ட் வேலைக்குப் போகிறவரும், வாரக்கடைசியில் சிங்கப்பூரிலிருந்து வீடு திரும்புகிறவரும் கைப்பேசியிலேயே வாங்கி விற்கிறார்கள். 2017-இல் ராக்குடென் டிரேட் முழுக்க முழுக்க இணையத்தில் இயங்கும் தரகு நிறுவனமாக மலேசியாவில் தொடங்கியது. அதற்குப் பின் வந்தவையும் அதே வழிதான். கணக்குத் திறப்பதுகூட வீட்டிலிருந்தபடியே முடிந்துவிடுகிறது.

கணக்கைத் திறப்பதில் இருக்கும் வேகம் அதைப் பூட்டுவதில் பலருக்கு இருப்பதில்லை. ஒரே ஒரு பாஸ்வேர்டு, அதுவும் ஃபேஸ்புக்குக்கும் மின்னஞ்சலுக்கும் வைத்த அதே பாஸ்வேர்டு. குறுஞ்செய்தி வழியாக வரும் சரிபார்ப்பு எண்ணை இதற்கு மேல் இரண்டாவது பூட்டாகப் போட அரை மணி நேரம் போதும். எப்படிப் போடுவது, எதைப் பார்த்துப் போடுவது, போட்ட பின் எதில் ஏமாறக் கூடாது என்று வரிசையாகப் பார்ப்போம்.

திருடன் பணத்தை எடுப்பதில்லை

"என் கணக்கிலிருந்து பணம் எடுத்தால் என் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்குத்தானே போகும், திருடனுக்கு என்ன லாபம்?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். விடை 2025-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஜப்பானில் கிடைத்தது. அங்கே பெரிய தரகு நிறுவனங்களின் வாடிக்கையாளர் கணக்குகளுக்குள் திருட்டுத்தனமாக நுழைந்தவர்கள் ஒரு காசைக்கூட வெளியே எடுக்க முயலவில்லை. கணக்கில் இருந்த நல்ல பங்குகளை விற்றார்கள். அந்தப் பணத்தில், அதிகம் கைமாறாத சின்னச் சின்ன நிறுவனப் பங்குகளை வாங்கிக் குவித்தார்கள். அதே பங்குகளை அவர்கள் தங்கள் பெயரில் முன்பே மலிவாக வாங்கி வைத்திருந்தார்கள். விலை ஏறியதும் தங்களுடையதை விற்றுவிட்டு நகர்ந்தார்கள். கணக்குக்காரர் கையில் மிஞ்சியது யாரும் வாங்காத பங்கு. ஜனவரி முதல் ஏப்ரல் வரை நான்கே மாதத்தில் இப்படி நடந்த திருட்டு வர்த்தகம் 300 பில்லியன் யென்னைத் தாண்டியது. அதன் பிறகே அங்குள்ள தரகு நிறுவனங்கள் உள்நுழையும்போது இரண்டாவது சரிபார்ப்பைக் கட்டாயமாக்கத் தொடங்கின.

இதெல்லாம் எங்கோ தூரத்தில் நடப்பது என்று இருந்துவிட முடியாது. 2025 ஏப்ரல் இறுதியில் மலேசியாவிலும் சில தரகு நிறுவனங்களின் வாடிக்கையாளர் கணக்குகளில் உரியவருக்குத் தெரியாமல் வர்த்தகம் நடந்தது. பங்குச் சந்தையான புர்சா மலேசியாவும் பங்குப் பத்திர ஆணையமும் முதலீட்டாளர்களை எச்சரித்தன. இப்படி ஒரு பூட்டு வேண்டுமா என்ற விவாதமே இந்தியாவில் கிடையாது. 2022 செப்டம்பர் 30-க்குப் பிறகு இரண்டாவது சரிபார்ப்பு இல்லாமல் அங்கே இணைய வர்த்தகக் கணக்குக்குள் போகவே முடியாது.

நம் வட்டாரத்துக்கு இன்னொன்றும் உண்டு. செம்பனையோடு வளர்ந்தவர்களுக்குச் செம்பனை எண்ணெய் விலைமீது எப்போதும் ஒரு கண் இருக்கும். சிலர் தோட்டப் பங்குகளோடு நிற்காமல் எண்ணெய் முன்பேரச் சந்தைக்கும் போகிறார்கள். அங்கே ஒரு ஒப்பந்தம் என்பது 25 டன். டன் 4,000 வெள்ளி என்று வைத்துக்கொண்டால், ஒருமுறை பொத்தானைத் தட்டினால் 100,000 வெள்ளிச் சரக்கு. அப்படிப்பட்ட கணக்கைப் பாஸ்வேர்டு ஒன்றை மட்டும் நம்பி விட்டுவைக்க முடியுமா?

குறுஞ்செய்தி எவ்வளவு தாங்கும்?

2019-இல் கூகுள் இரண்டு அமெரிக்கப் பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து நடத்திய ஆய்வில் கிடைத்த கணக்கு இது. கணக்கு உரிமையாளரின் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தியில் எண் அனுப்பும் முறை, தானியங்கி நிரல்கள் நடத்தும் தாக்குதலை 100 விழுக்காடும், மொத்தமாக வலைவீசும் மோசடியை 96 விழுக்காடும், ஒரு ஆளையே குறிவைத்து வரும் தாக்குதலை 76 விழுக்காடும் தடுத்தது. ஊர் பேர் தெரியாத திருடனை அது ஏறக்குறைய முழுதாக நிறுத்திவிடும் என்பது இதிலிருந்து தெரிகிறது. உங்களையே தேடி வருகிறவன் நான்கில் ஒரு முறை தாண்டிவிடுவான். ஆகவே இன்றைக்குக் குறுஞ்செய்தியைப் போட்டுவையுங்கள், இன்னும் உறுதியான வழி கிடைத்தால் அதற்கு மாறிக்கொள்ளுங்கள். முழுப் பாதுகாப்பு கிடைக்கட்டும் என்று காத்திருந்து ஒன்றும் போடாமல் இருப்பதுதான் மோசம்.

முதலில் எண்ணைப் பாருங்கள்

செயலியைத் திறக்கும் முன் உங்கள் கைப்பேசி எண்ணைப் பற்றி மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்ளுங்கள்.

எண் யார் பெயரில் இருக்கிறது? அண்ணன் வாங்கிக் கொடுத்த சிம், பழைய முதலாளி பெயரில் எடுத்த சிம் என்று பலர் ஆண்டுக்கணக்கில் ஓட்டுகிறார்கள். சிம் தொலைந்தால் மைகார்டோடு போய் மாற்று சிம் வாங்க உரிமையாளரால்தான் முடியும். அந்த உரிமையாளர் நீங்களாக இருக்க வேண்டும்.

எண் உயிரோடு இருக்குமா? பிரீபெய்ட் எண்ணில் காசு போடாமல் விட்டால் கெடு முடிந்து எண் ரத்தாகும். கொஞ்ச காலம் கழித்து அதே எண் வேறொருவருக்குப் போகும். உங்கள் பங்குக் கணக்கின் சரிபார்ப்பு எண்கள் முகம் தெரியாத அந்த ஆளின் கைப்பேசியில் போய் விழும். பிரீபெய்ட்டே போதும் என்றால், கெடு முடியும் நாளை நாள்காட்டியில் குறித்துவைத்துக் காசு போடுங்கள்.

எண் எப்போதும் உங்கள் கையில் இருக்குமா? நிறுவனம் கொடுத்த கைப்பேசி எண்ணைச் சொந்தப் பங்குக் கணக்கில் பதிவது வேலைக்குப் போகிறவர்கள் செய்யும் பெரிய தவறு. வேலையை விடும் நாளில் அந்த சிம்மைத் திருப்பிக் கொடுத்தே ஆக வேண்டும். அலுவலக மின்னஞ்சலுக்கும் இதுவே விதி. சிங்கப்பூரில் வேலை பார்ப்பவர்கள் இரண்டு எண் வைத்திருப்பார்கள். மலேசியத் தரகுக் கணக்குக்கு மலேசிய எண்ணைக் கொடுங்கள். இரண்டு சிம் போடும் கைப்பேசியில் அதை எப்போதும் இயக்கத்தில் வையுங்கள். எல்லை தாண்டிய பின்னும் குறுஞ்செய்தி வருகிறதா என்று தொலைத்தொடர்பு நிறுவனத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டில் அப்பாவோ அம்மாவோ பங்கு வைத்திருந்தால், அவர்கள் கணக்குக்கு அவர்கள் எண்ணையே பதியுங்கள். "என் நம்பரையே போட்டுவிடுகிறேன்பா" என்று பிள்ளைகள் சொல்வது அன்பால்தான். ஆனால் கணக்கு அவர்களுடையது, முடிவும் அவர்களுடையதாக இருக்கட்டும்.

அமைக்கும் முறை

புர்சா மாலை 5 மணிக்கு மூடும். அதற்குப் பிறகோ சனி, ஞாயிறிலோ உட்காருங்கள். சந்தை ஓடும்போது அமைக்கப் போய் இடையில் மாட்டிக்கொண்டால், விற்க வேண்டிய நேரத்தில் உள்ளே போக முடியாமல் தவிப்பீர்கள். செம்பனைத் தோட்டத்துக்கு நடுவில் சிக்னல் ஒரு கோடு காட்டும் இடத்தில் செய்யாதீர்கள்.

1. முதலில் மின்னஞ்சலின் பாஸ்வேர்டை மாற்றுங்கள். பங்குக் கணக்கின் பாஸ்வேர்டை மறந்துவிட்டால் அதை மீட்கும் வழி மின்னஞ்சலுக்குத்தான் வரும். அது திறந்து கிடந்தால் மற்ற எந்தப் பூட்டும் வீண். மின்னஞ்சலுக்கும் இரண்டாவது சரிபார்ப்பைப் போட்டுவிடுங்கள்.

2. தரகரின் செயலியைப் பிளே ஸ்டோர் அல்லது ஆப் ஸ்டோரிலிருந்து மட்டும் இறக்குங்கள். இணையதளம் என்றால் முகவரியை நீங்களே தட்டுங்கள். கூகுளில் தேடும்போது மேலே வரும் விளம்பரத்தைத் தட்டிப் போகாதீர்கள்.

3. செட்டிங்ஸ் அல்லது புரொஃபைல் பகுதியில் செக்யூரிட்டி என்று இருக்கும். அதற்குள் டூ-ஃபேக்டர் ஆதென்டிகேஷன், டூ-எஃப்.ஏ., ஓ.டி.பி., டேக் என்று ஏதாவது ஒரு பெயரில் இது இருக்கும். கண்ணில் படவில்லையென்றால் தரகரின் வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போட்டுக் கேளுங்கள். சில நிறுவனங்களில் பதிவு செய்த கைப்பேசி எண்ணை மாற்ற தனிப் படிவம் நிரப்ப வேண்டியிருக்கும்.

4. நாட்டுக் குறியீட்டை மலேசியா என்று தேர்ந்தெடுத்து எண்ணைத் தட்டுங்கள். நிறையப் பேர் தடுக்கி விழும் இடம் இது. 60 என்று திரையில் முன்பே இருந்தால், 012 என்று தொடங்கும் எண்ணை 12 என்றே தொடங்கித் தட்ட வேண்டும். முன்னால் நிற்கும் சுழியத்தையும் சேர்த்தால் செய்தி வராது. "சிஸ்டம் சரியில்லை" என்று அலுத்துக்கொள்பவர்கள் முதலில் இதைப் பார்க்க வேண்டும்.

5. வரும் ஆறு இலக்க எண்ணைத் தட்டி உறுதி செய்யுங்கள். ஒரு நிமிடம் ஆகியும் வரவில்லையென்றால், மறுபடி அனுப்பும் பொத்தானைத் தொடர்ந்து அழுத்தாதீர்கள். புதிய எண் கேட்டதும் பழையது செல்லாமல் போகும். இரண்டு மூன்று செய்திகள் தாமதமாக ஒன்றாக வந்து சேர்ந்தால் எது கடைசி என்று தெரியாமல் குழம்புவீர்கள். பல முறை தவறாகத் தட்டினால் கணக்கே பூட்டிக்கொள்ளும்.

6. எதற்கெல்லாம் எண் கேட்க வேண்டும் என்று தேர்வு செய்ய வழியிருந்தால், உள்நுழைவு, பணம் எடுப்பு, வங்கிக் கணக்கு மாற்றம், பாஸ்வேர்டு மாற்றம் ஆகிய நான்குக்கும் போடுங்கள். ஜப்பானில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். பணம் எடுப்புக்கு மட்டும் பூட்டு போட்டுப் பயனில்லை.

7. மீட்புக் குறியீடுகள் கொடுத்தால் அவற்றைத் தாளில் எழுதி, பிறப்புச் சான்றிதழும் நிலப் பத்திரமும் இருக்கும் கோப்பில் வையுங்கள். அதே கைப்பேசியில் படம் பிடித்து வைத்தால், கைப்பேசி தொலையும் நாளில் அதுவும் சேர்ந்து தொலையும்.

8. வெளியேறிவிட்டு மறுபடி உள்ளே போய்ப் பாருங்கள். எண் கேட்கிறதா? கேட்டால்தான் வேலை முடிந்தது. "இந்தச் சாதனத்தை நம்பு" என்ற கட்டம் வந்தால் சொந்தக் கைப்பேசியில் மட்டும் தட்டுங்கள். அலுவலகக் கணினியில் வேண்டாம்.

வருகிற செய்தியைப் படிக்கும் முறை

பெரும்பாலோர் செய்தியில் ஆறு இலக்கத்தை மட்டும் பார்க்கிறார்கள். முழுதாகப் படியுங்கள். "உங்கள் உள்நுழைவுக்கான எண்" என்று இருக்கிறதா, "வங்கிக் கணக்கை மாற்றுவதற்கான எண்" என்று இருக்கிறதா? நீங்கள் உள்நுழைய முயன்றபோது பாஸ்வேர்டு மாற்ற எண் வந்தால், நீங்கள் நிற்பது போலித் தளம். அங்கே நீங்கள் தட்டும் எண்ணை அதே நொடியில் யாரோ உண்மையான தளத்தில் தட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

நீங்கள் கேட்காமலே உள்நுழைவு எண் வந்தால் அதற்குப் பெரும்பாலும் ஒரு பொருள்தான்: உங்கள் பாஸ்வேர்டு வேறொருவருக்குத் தெரிந்துவிட்டது. இரண்டாவது பூட்டு தன் வேலையைச் செய்திருக்கிறது. நீங்கள் உடனே முதல் பூட்டை மாற்ற வேண்டும்.

செய்தியில் இணைப்பு இருந்தால் தட்டாதீர்கள். 2023 மே 2 முதல், தனிநபர்கள் அனுப்பும் இணைப்புள்ள குறுஞ்செய்திகளை மலேசியத் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் தடுக்கத் தொடங்கின. ஆனால் காரில் போலி அலைபரப்புக் கருவியை வைத்துக்கொண்டு சுற்றிய கும்பல்களையும் போலீஸ் பிடித்திருக்கிறது. அப்படி வரும் செய்தி எந்தத் தடுப்பிலும் மாட்டாது. அனுப்பியவர் பெயரையும் நம்ப முடியாது. 2021 டிசம்பரில் சிங்கப்பூர் ஓ.சி.பி.சி. வங்கியின் பெயரில் வந்த போலிச் செய்திகள், வங்கி அனுப்பிய உண்மைச் செய்திகளின் வரிசையிலேயே வந்து உட்கார்ந்தன. 790 வாடிக்கையாளர்களிடமிருந்து 13.7 மில்லியன் சிங்கப்பூர் டாலர் போனது. அவர்கள் எல்லோரும் விவரம் தெரியாதவர்கள் அல்லர்.

இந்தப் பூட்டு தடுக்காதவை

முதலாவது, செயலியை நேரடியாக நிறுவும் ஏ.பி.கே. கோப்பு. கல்யாண அழைப்பிதழ், கூரியர் ரசீது, வீட்டுச் சுத்தம் செய்யும் சேவை என்று ஏதோ ஒரு பெயரில் வாட்ஸ்அப்பில் வரும். நிறுவினால் குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி கேட்கும். கொடுத்துவிட்டால், வரும் எண்ணெல்லாம் உங்களுக்கு முன் அவர்களிடம் போய்ச் சேரும். கைப்பேசியில் எந்தெந்தச் செயலிக்கு எஸ்.எம்.எஸ். அனுமதி இருக்கிறது என்று இன்றே ஒருமுறை பாருங்கள். டார்ச் லைட் செயலிக்கு அது எதற்கு?

இரண்டாவது, வாய்ப்பேச்சு. "தரகர் அலுவலகத்திலிருந்து பேசுகிறோம், உங்கள் கணக்கு முடங்கப் போகிறது, வந்த எண்ணைச் சொல்லுங்கள்" என்பார்கள். எந்த ஊழியருக்கும் அந்த எண் தேவைப்படாது. ரெமிசியர் உங்களுக்கு எத்தனை வருடப் பழக்கமாக இருந்தாலும் சரி, அவருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாவது, சிம் பறிப்பு. உங்கள் பெயரைச் சொல்லித் தொலைத்தொடர்பு நிறுவனத்தில் மாற்று சிம் வாங்கிவிடுவார்கள். 2024 ஜனவரி 9 அன்று அமெரிக்கப் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு ஆணையத்துக்கே இது நடந்தது. ஆணையத்தின் எக்ஸ் கணக்கோடு இணைந்த கைப்பேசி எண்ணை ஒருவன் இப்படிக் கைப்பற்ற, அவன் கூட்டாளிகள் பிட்காயின் நிதிகளுக்கு அனுமதி கிடைத்துவிட்டதாகப் பொய்ச் செய்தி போட்டார்கள். பிட்காயின் விலை ஆடியது. பிறகு விசாரித்தபோதுதான் தெரிந்தது: உள்ளே நுழைவதில் சிரமம் இருக்கிறது என்று 2023 ஜூலையில் இரண்டாவது சரிபார்ப்பை நிறுத்தச் சொல்லியிருந்தார்கள், மறுபடி போடவே இல்லை. "தற்காலிகமாக எடுத்துவைப்போம்" என்பது ஆறு மாதம் நீண்டுவிட்டது. ஊருக்கெல்லாம் சட்டம் சொல்லும் ஆணையத்திலேயே இப்படி என்றால், புதுக் கைப்பேசி வாங்கிய குஷியில் நாம் எடுத்துவைக்கும் பூட்டு என்ன ஆகும்?

அடுத்த படி

இதனால்தான் வங்கிகள் குறுஞ்செய்தியை விட்டு நகர்கின்றன. 2022 செப்டம்பரில் மத்திய வங்கியான பேங்க் நெகாரா, எஸ்.எம்.எஸ். எண்ணுக்குப் பதிலாக உறுதியான வேறு முறைக்கு மாறும்படி வங்கிகளுக்குச் சொன்னது. ஒரு கணக்குக்கு ஒரே கைப்பேசியில் மட்டும் ஒப்புதல், புதிதாகப் பதியும்போது சிறிது காலம் காத்திருப்பு என்ற விதிகளும் அப்போது வந்தவைதான். 2024 ஜூலையில் சிங்கப்பூர் வங்கிகளும், டிஜிட்டல் டோக்கன் வைத்திருப்பவர்களுக்கு உள்நுழைவு ஓ.டி.பி.யைப் படிப்படியாக நிறுத்தப்போவதாக அறிவித்தன.

உங்கள் தரகரின் செயலியில் ஆதென்டிகேட்டர், செயலிக்குள் வரும் ஒப்புதல், பாஸ்கீ என்று ஏதாவது இருந்தால் குறுஞ்செய்தியை விட்டு அதற்கு மாறுங்கள். ஆதென்டிகேட்டர் செயலியில் 30 நொடிக்கு ஒரு புது எண் உங்கள் கைப்பேசியிலேயே உருவாகும். சிக்னல் தேவையில்லை, சிம் பறிப்பவன் கைக்கும் அது போகாது. ஆனால் போலித் தளத்தில் நீங்களே தட்டிக் கொடுத்தால் அதுவும் காப்பாற்றாது. கைப்பேசி மாற்றும்போது பழைய கைப்பேசியை அழிக்கும் முன் அந்தச் செயலியைப் புதியதுக்கு மாற்றிவிட வேண்டும்.

விபரீதம் நடந்தால்

வழக்கமாக நான்கு கோடு சிக்னல் இருக்கும் இடத்தில் திடீரென்று ஒரு கோடுகூட இல்லை, பக்கத்தில் இருப்பவரின் அதே நிறுவன சிம் வேலை செய்கிறது என்றால் சந்தேகப்படுங்கள். நீங்கள் போடாத வாங்கல், விற்றல் அறிவிப்போ காண்ட்ராக்ட் நோட்டோ வந்தால் சந்தேகத்துக்கே இடமில்லை.

முதல் அழைப்பு தரகருக்கு: கணக்கை முடக்கச் சொல்லுங்கள். புர்சாவில் வர்த்தகம் நடந்து இரண்டாவது வேலை நாளில் கணக்குத் தீர்க்கப்படும். அதற்குள் சொன்னால்தான் அவர்களாலும் ஏதாவது செய்ய முடியும். இரண்டாவது அழைப்பு, வேறொருவர் கைப்பேசியிலிருந்து தொலைத்தொடர்பு நிறுவனத்துக்கு: சிம்மை நிறுத்துங்கள். வங்கிப் பணமும் போயிருந்தால் உடனே வங்கிக்கும், 2022-இல் தொடங்கிய தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் 997 என்ற எண்ணுக்கும் அழையுங்கள். அதன் பிறகு போலீஸ் புகார். காண்ட்ராக்ட் நோட், குறுஞ்செய்தி, அழைப்பு வந்த நேரம் எல்லாவற்றையும் படம் பிடித்து வையுங்கள், எதையும் அழிக்காதீர்கள். தரகரின் பதிலில் திருப்தி இல்லையென்றால், 2025 ஜனவரி முதல் இயங்கும் நிதிச் சந்தைக் குறைதீர்ப்பு அமைப்பான எஃப்.எம்.ஓ.எஸ். இருக்கிறது.

உங்கள் பெயரிலேயே பங்குகளை வைக்கும் நேரடி சி.டி.எஸ். கணக்கு இருந்தால், புர்சா எனிவேர் செயலியில் மாதம் ஒருமுறை பங்குகளின் எண்ணிக்கையைச் சரிபாருங்கள். தரகரின் திரையை மட்டும் நம்பியிருக்க வேண்டியதில்லை. பங்குகள் தரகரின் நாமினி நிறுவனத்தின் பெயரில் இருந்தால் தரகர் அனுப்பும் மாத அறிக்கையைத் திறந்து படியுங்கள்.

வேலை மாறும்போது, எண் மாறும்போது, கைப்பேசி மாறும்போது என்று இந்த மூன்று சந்தர்ப்பங்களிலும் கணக்கைத் திறந்து பதிவான எண்ணைப் பாருங்கள். புதிய எண்ணைப் பதிந்து, செய்தி வருவதைப் பார்த்த பிறகே பழைய சிம்மைத் தூக்கிப் போடுங்கள். இன்று சந்தை மூடியதும் செய்ய வேண்டியவை இரண்டு: மின்னஞ்சல் பாஸ்வேர்டை மாற்றுவது, பங்குக் கணக்கில் பதிவான எண் உங்கள் பெயரில் இருக்கிறதா என்று பார்ப்பது. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு தானாக வரும்.